பாறை ஏன் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது?

கடல்நீர்த் தொட்டி வைத்தவர்கள் மூன்று, நான்கு மாதத்தில் கேட்கத் தொடங்கும் கேள்வி இது. படங்களில் பார்க்கும் தொட்டிகளில் பாறை முழுக்க ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படர்ந்திருக்கிறது. நம் தொட்டியில் வாங்கிப் போட்ட நாளில் இருந்தபடியே கிடக்கிறது. அந்த நிறம் கோரலைன் பாசியுடையது. பாசி என்றதும் நினைவுக்கு வரும் வழுக்கலோ நூல்நூலான வளர்ச்சியோ இதில் இல்லை. சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்த இது, மக்னீசியம் கலந்த கால்சியம் கார்பனேட்டைத் தன் செல்சுவர்களில் படியவைத்து, பாறைமேல் கெட்டியான ஓடாகப் பரவுகிறது. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே இதன் உறவுப் பாசிகளை விலங்குகளின் வரிசையில்தான் வைத்தார். கல்லாக இறுகிய இவையும் தாவரம்தான் என்று 1837இல் எடுத்துக்காட்டியவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் பிலிப்பி.

வரும்போது எப்படி வரும்? பெரும்பாலும் பின்பக்கக் கண்ணாடியிலோ பம்பின் பிளாஸ்டிக் உடலிலோ குண்டூசித் தலையளவு புள்ளியாக முதலில் தெரியும். விளிம்பு வெளிறியிருக்க, புள்ளி வட்டமாக விரிந்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து திட்டாகும். கருஞ்சிவப்புப் படலம் எதைப் பார்த்தாலும் கோரலைன் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். விரலால் தேய்த்ததும் கொழகொழவென்று கையோடு வந்தால் அது சயனோபாக்டீரியா. நகத்துக்கும் அசையாமல் இருந்தால்தான் கோரலைன். இன்னும் சந்தேகம் என்றால் பிளேடால் ஒரு செதிளைச் சுரண்டி எடுத்து, வெளியே தட்டில் வைத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்பு கரைந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும்.

ஓடு கட்ட இதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். பவளங்களுக்கும் அதே தேவைதான். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச்., மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம், உப்பளவு 35 பிபிடி என்று வைத்துக்கொண்டால் போதும். இந்த எண்களில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது காரத்தன்மையை. காரணம் கணக்கில் இருக்கிறது. சுண்ணாம்பு படியும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறைந்தால், கால்சியம் கிட்டத்தட்ட 20 பிபிஎம் மட்டுமே குறையும். 420 இருந்த கால்சியம் 400 ஆனது யாருக்கும் உறைக்காது. 8 இருந்த காரத்தன்மை 5.2 ஆனால் பவளமும் பாசியும் சேர்ந்தே திணறும். சோதனையும் எளிதுதான். 5 மி.லி. தொட்டி நீரில் சோதனைக் கிட்டின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு ஆனதோ அதுவே டி.கே.எச். அளவு. பரவலாகக் கிடைக்கும் கிட் இப்படித்தான். சில கிட்டுகளில் நிறமும் கணக்கும் வேறு. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். இன்று 7, நாளை 11 என்று ஆட்டம் காட்டுவதைவிட, எப்போதும் 8இல் நிற்கும் தொட்டியில்தான் இது நன்றாகப் படரும்.

மக்னீசியம் குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே ஒன்றுசேர்ந்து ஹீட்டர்மேல் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும். பாஸ்பேட் ஏறினால் இரட்டைக் கேடு: சுண்ணாம்புப் படிகம் உருவாவதை அது தடுக்கும், கூடவே பச்சைப் பாசியை வளர்த்துப் பாறையை மூடும். இளம் தொட்டிக்குத் தனியாக மருந்து எதுவும் வேண்டாம். தரமான உப்பில் கலந்த நீரை ஒழுங்காக மாற்றிவந்தாலே இவையெல்லாம் கிடைத்துவிடும். பவளம் பெருகிய பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த சுண்ணாம்புத் தெளிநீரை, ஆவியான நீருக்கு ஈடாக, சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதேதான். ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வெளிச்சத்தைக் கூட்டினால் சீக்கிரம் வரும் என்பது தவறான நம்பிக்கை. இதிலுள்ள சிவப்பு நிறமி, ஆழத்தில் மிஞ்சும் நீலப்பச்சை ஒளியைப் பிடிக்க ஏற்றது. பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில்கூட இவ்வகைப் பாசி வளர்வதை 1980களில் நீர்மூழ்கியில் போன ஆய்வாளர்கள் கண்டார்கள். புது எல்.ஈ.டி. விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரியவிட்டால், இருந்த ஊதாவும் வெளுத்து எலும்பு நிறமாகிவிடும். படிப்படியாகக் கூட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

வளர்ந்த பிறகு வேறு வேலை. முன்கண்ணாடியை வாரம் ஒருமுறை சுரண்ட வேண்டும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் சுரண்டிதான், இரும்பு கீறிவிடும். பம்ப் இறுகிச் சத்தம் போட்டால் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேயுங்கள். கடல் முள்ளெலி இருந்தால் அது மேய்ந்த வழியெல்லாம் வெள்ளைத் தடம் விழும். பாறை முழுக்க ஊதாவாகிவிட்டால் தொட்டி சிறந்தது என்று சான்றிதழ் கிடைத்ததாக நினைப்பது கொஞ்சம் அதிகப்படி. நிறைய இருந்தால் பவளத்துக்கான கால்சியத்தில் இதுவும் பங்கு கேட்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு புள்ளிகூட வரவில்லை என்றால், விதை இல்லை என்று பொருள். உலர்ந்த பாறையில் தொடங்கிய தொட்டியில் கோரலைன் தானாக முளைக்காது. அதன் வித்துகள் ஏதாவது ஒன்றில் ஒட்டித்தான் வந்தாக வேண்டும். புட்டியில் விற்கும் பாசி வித்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓட்டில் ஊதா படிந்த ஒரு நத்தையோ, பழைய தொட்டியிலிருந்து உடைத்தெடுத்த ஒரு சிறு பாறைத் துண்டோ போதும். அதன்பின் சில மாதம் காத்திருக்க வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போகிறவர்கள் அங்கிருந்தே ஒரு கல்லை எடுத்துவரலாம் என்று நினைக்கக்கூடும். ஆனால் அங்குள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுத்தால் வழக்கு. ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு நத்தையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் சும்மாவே தருவார்கள்.