எடை பார்த்தே மடக்கிய புற்றுநோய்ப் புரதம்

நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி பழுதாகும் புரதம் கே-ராஸ். செல்லை வளரச் சொல்லும் சுவிட்ச் அது. பழுதானால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். மனிதப் புற்றுநோயில் ராஸ் மரபணுக்கள் கெட்டிருப்பது 1982-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை நேரடியாகத் தடுக்கும் மருந்து வருவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. மருந்து மூலக்கூறு போய் உட்கார, அந்தப் புரதத்தில் சரியான குழியே தென்படவில்லை. இருந்த ஒரு குழியையும் செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறும் அதன் சக்தி குறைந்த வடிவமான ஜிடிபி-யும் (GDP) மாறி மாறி இறுகப் பிடித்திருந்தன. மருந்துக்கு மசியாத புரதம் என்று பலர் கைவிட்டதில் வியப்பில்லை.

வழி திறந்தது 2013-ல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில். கெவன் ஷோகட் குழு கையில் எடுத்த கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளுக்கான தராசு என்று வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான மருந்துத் தேடலில் லட்சக்கணக்கான பெரிய மூலக்கூறுகளைச் சோதிப்பார்கள். இந்தக் குழு பின்பற்றிய துணுக்கு முறையில், பொதுவாக 300 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) உட்பட்ட குட்டி மூலக்கூறுகள் சில நூறு அல்லது சில ஆயிரம் போதும். குட்டி என்பதால் சந்துபொந்திலெல்லாம் நுழையும். ஆனால் பிடிப்பு மிக பலவீனம். ஒட்டிய வேகத்தில் கழன்றுவிடும். சாதாரணச் சோதனைகளில் இது பிடிபடாது.

அதற்குத்தான் ஜேம்ஸ் வெல்ஸ், டேனியல் எர்லான்சன் உள்ளிட்டோர் 2000-ல் அறிவித்த 'டெதரிங்' உத்தி. ஒவ்வொரு துணுக்கிலும் கந்தகக் கொக்கி ஒன்று இருக்கும். அது புரதத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில் மாட்டிக்கொள்ளும். கே-ராஸின் ஜி12சி வகையில் 12-வது இடத்து கிளைசீன் போய் சிஸ்டீன் வந்திருக்கும். நோயை உண்டாக்கிய மாற்றமே கொக்கி மாட்டும் இடமாகவும் அமைந்துவிட்டது! ஆரோக்கியமான கே-ராஸில் அந்த சிஸ்டீன் இல்லை.

எல்லாத் துணுக்கும் சும்மா மாட்டிக்கொண்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. அதனால் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும் வேதிப்பொருள் ஒன்றையும் கலவையில் சேர்ப்பார்கள். பக்கத்துப் பள்ளத்தில் பொருந்தி உட்காரும் துணுக்கு அதையும் தாங்கி நிற்கும், மற்றவை கழன்றுவிடும். பிறகு புரதத்தைச் சிதைக்காமல், மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்து எடை பார்க்கிறார்கள். இந்தத் தெளிப்பு முறைக்காகத்தான் ஜான் ஃபென் 2002-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். துணுக்கு ஒட்டாத புரதம் ஓர் உச்சியாகத் திரையில் தெரியும். 200 டால்டன் கூட்டும் துணுக்கு ஒட்டியிருந்தால் சரியாக 200 தள்ளி இன்னோர் உச்சி எழும். இரண்டு உச்சிகளின் உயரத்தை ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் ஒட்டியது என்பதும் தெரிந்துவிடும்.

ஷோகட் குழு சோதித்தவை 480 துணுக்குகள் மட்டுமே. தேறியவற்றை மேம்படுத்தி எக்ஸ்-கதிர் படிகவியலில் பார்த்தபோது, பழைய படங்களில் தெரியாத குழி ஒன்று திறந்திருந்தது. தராசு 'ஒட்டியது' என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, எப்படி என்பதற்குப் படிகம் வேண்டும். என் கணிப்பில் இந்தக் கதையின் பாதிப் பெருமை அந்த இரண்டாவது வேலைக்கே உரியது.

கந்தகக் கொக்கி செல்லுக்குள் நிலைக்காது என்பதால், பின்னர் அவிழாத பிணைப்பைத் தரும் அக்ரிலமைடு வந்தது. பல குழுக்களின் உழைப்புக்குப் பின், ஆம்ஜென் நிறுவனத்தின் சோடோராசிப் மருந்துக்கு 2021 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டு அதே வகை மருந்தான அடாக்ராசிப் வந்தது. சோடோராசிப் ஒப்புதலுக்கு அடிப்படையான 124 நோயாளிகளில் 36 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பலன் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 10 மாதம்.

கணையப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது ஜி12டி மாற்றம். அங்கே 12-வது இடத்தில் சிஸ்டீன் இல்லை. இதே கொக்கி அங்கே செல்லாது.