சந்தை ஆற்றைக் கடந்தது, பாடசாலை கடக்கவில்லை

கொழும்பு நகருக்கு வடக்கே, களனி கங்கைக்கு அக்கரையிலுள்ள பேலியகொடைக்கு அரசாங்கம் கடந்த பதினைந்து வருடங்களில் நிறையவே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 2011இல் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் மீன் சந்தை இங்கே வந்தது. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை இங்கிருந்து புறப்பட்டது. 2020 நவம்பரில் மெனிங் மரக்கறிச் சந்தைக்கு இங்கே புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அடுத்த நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. மீனுக்கும் மரக்கறிக்கும் லொறிக்கும் கொள்கலனுக்கும் ஆற்றின் வடகரையில் தாராளமாக இடம் கிடைத்தது. அந்தச் சந்தைகளின் மூட்டைகளை இரவோடிரவாக இறக்கும் நாட்டாமிகளின் பிள்ளைகள் தமிழில் படிக்க எங்கே போவார்கள் என்ற கேள்விக்கான பதில் மட்டும் சந்தையோடு சேர்ந்து வரவில்லை.

களனி கங்கை ஒரு மாவட்ட எல்லை. தென்கரை கொழும்பு மாவட்டம், வடகரை கம்பஹா மாவட்டம். தென்கரையிலுள்ள கொட்டாஞ்சேனையில் கடையோ வேலையோ வைத்துக்கொண்டு, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் பாலம் தாண்டிப் பேலியகொடைக்கும் வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் குடிபோன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு 13இலும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்திலும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வடகரையில் அப்படியில்லை. வத்தளைப் பகுதியில் தமிழ்ப் பாடசாலை வேண்டும் என்ற கோரிக்கை எத்தனையோ தேர்தல் மேடைகளைக் கண்டுவிட்டது. குடும்பம் ஆற்றைக் கடக்கிறது, பிள்ளையின் படிப்பு மறுபடி தென்கரைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்தத் திரும்புதலின் விலை என்னவென்று அறிய, தரம் ஒன்று விண்ணப்ப காலத்தில் கொட்டாஞ்சேனையின் போட்டோகொப்பிக் கடை ஒன்றில் சிறிது நேரம் நின்றால் போதும். ஒரு தாய் பிளாஸ்டிக் பைல் ஒன்றைத் திறந்து மேசையில் பரப்புகிறார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய வாக்காளர் இடாப்புப் பிரதி, வாடகை ஒப்பந்தம், தண்ணீர்ப் பில், மின்சாரப் பில், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். “தம்பி, எல்லாத்திலயும் மூணு செட் போட்டுத் தாங்க.” பையன் மின்சாரப் பில்லைக் கையில் எடுத்து, “அக்கா, இதுல வேற ஆளோட பேர் இருக்கே” என்கிறான். “வீட்டுக்காரர் பேர்தான். மூணு குடும்பத்துக்கும் ஒரே மீற்றர்.” அவன் ஒன்றும் சொல்லாமல் அதையும் மூன்று பிரதி எடுக்கிறான்.

அந்தப் பெயர் வித்தியாசம் சாதாரண விஷயமல்ல. கல்வி அமைச்சின் தரம் ஒன்று அனுமதிச் சுற்றுநிருபம் இடங்களைப் பிரித்துக் கொடுத்துவந்த முறை இது: பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே அங்கு படிப்போரின் சகோதரர்களுக்கு 15 வீதம். மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று போகிறது. முதல் தலைமுறையாகக் கொழும்புக்கு வந்த ஒரு தொழிலாளியின் மூத்த பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசல் அந்த 50 வீதம் ஒன்றுதான். அங்கே புள்ளி போடுவது தூரத்துக்கு மாத்திரமல்ல. தாயும் தகப்பனும் முந்திய ஐந்து வருடங்கள் அந்த முகவரியில் வாக்காளராகப் பதிந்திருக்கிறார்களா, வீடு யார் பெயரில் இருக்கிறது, உறுதியா, பதிவு செய்த குத்தகையா, துணை ஆவணங்கள் யார் பெயரில் என்பதெல்லாம் கணக்கில் வரும். விண்ணப்பிக்கும் பாடசாலையை விடக் கிட்டத்தில் வேறு பாடசாலைகள் இருந்தால் அவற்றுக்கும் புள்ளி கழியும். பேலியகொடையிலிருந்து பாலம் ஏறி வருபவருக்கு இடையில் எத்தனை பாடசாலைகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சுற்றுநிருபத்தை எழுதியவர்கள் பணக்காரர்களின் தில்லுமுல்லைத் தடுக்கவே இத்தனை கட்டுப்பாடு வைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரபல பாடசாலைக்குப் பக்கத்தில் பொய் முகவரி வாங்கும் வழக்கம் கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் பொய் முகவரி வாங்கக் காசுள்ளவர் உறுதியும் வாங்குவார், பில்லும் மாற்றுவார். உண்மையிலேயே அந்த ஒழுங்கையில் ஏழு வருடம் வாழ்ந்தும் ஒரு கடதாசியும் தன் பெயரில் இல்லாதவர்தான் வலையில் மாட்டுகிறார்.

இதில் தமிழருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பதுளையிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கடை வேலைக்கு வந்தவரின் வாக்கு இன்னும் தோட்டத்து இடாப்பிலேயே கிடக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வெள்ளவத்தைக்கு வந்தவர்களில் பலர் ஊரில் உள்ள வாக்கை விடுவதற்கு மனமில்லாமல் இருந்தார்கள். ஊரோடு மிஞ்சியிருந்த கடைசிப் பிடி அது. போர்க்காலத்தில் கொழும்பில் பெயர் பதிவதென்றால் பொலிஸ் பதிவு என்ற பயமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஐந்து வயது வரும்போதுதான் அந்தப் பழைய முடிவுகளின் கணக்கு வீட்டுக்கு வருகிறது. வாடகை வீட்டுக்காரர்களும் பெயர் பதிய இலகுவில் சம்மதிப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பை நினைத்து, இடாப்பில் பெயர் ஏறினால் வீடே போய்விடும் என்று நம்புகிறார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் ஒருவருக்கும் வீட்டில் சொத்துரிமை வந்துவிடாது. இதை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பயம் போகமாட்டேன் என்கிறது.

இந்தக் குடும்பங்களின் மேல்தான் 2020இலிருந்து ஒவ்வொரு பொருளாதாரத் தீர்மானமும் வந்து விழுந்தது.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டதும், பேலியகொடையும் கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் முடங்கின. நவம்பரில் மற்ற மாகாணங்களில் பாடசாலைகளைத் திறந்தபோதும் மேல் மாகாணத்தில் திறக்கவில்லை. தொலைக்காட்சியில் ‘குருகுலம்’ பாட நிகழ்ச்சி ஓடியது, ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள். ஒரு போன், மூன்று பிள்ளைகள், டேட்டா கார்ட் முடிந்தால் அன்றைய பாடமும் முடிந்தது. தகப்பனுக்குச் சந்தையும் பூட்டு, பிள்ளைக்குப் பாடசாலையும் பூட்டு.

பிறகு 2022. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். அதே மாதம் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லை என்பதே காரணம். மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கணக்கு பாடசாலைப் பிள்ளையின் மேசைக்கு வந்த விதம் அது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் நகரப் பாடசாலைகளை மூடினார்கள். ஜூலை 25ஆம் திகதி திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு. 2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் முடிவில் 460 ரூபாய்.

டீசல் விலையைப் பாடசாலை வானைத் தவிர்த்துப் பேச முடியாது. பேலியகொடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே பஸ்ஸில் ஏற்றிவிட எந்தத் தாய்க்கும் தைரியம் வராது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘சிசு செரிய’ பஸ் எல்லா ஒழுங்கைக்கும் வருவதில்லை. வான்காரர் கட்டணத்தை ஏற்றினார். அவரைக் குறை சொல்ல முடியாது, பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த எரிபொருளை வைத்துக்கொண்டு அவரும் வரிசையில்தான் நின்றார். சில வீடுகளில் மூத்தவனை வானிலிருந்து நிறுத்தி நடக்க விட்டார்கள். சில வீடுகளில் தகப்பன் இரவு முழுக்கச் சந்தையில் மூட்டை சுமந்துவிட்டு, விடிந்ததும் தூக்கத்தோடு தூக்கமாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். விலை இறங்கியது என்று அறிவித்த பிறகும் வான் கட்டணம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவில் மட்டும் 94.9 வீதம். மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறியது. போட்டோகொப்பிக் கடையில் பார்த்த அந்த ஒரே மீற்றரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும். மூன்று ஏழைக் குடும்பங்கள் ஒரு மீற்றரில் கூடும்போது மொத்த அலகு மேல் படிக்கு ஏறிவிடுகிறது. தனித்தனி மீற்றர் இருந்தால் ஒவ்வொருவரும் கட்டியிருக்கக்கூடியதைவிட அதிகமாக மூவரும் கட்டுகிறார்கள். அதே பில்லைப் பிள்ளையின் பாடசாலை விண்ணப்பத்தோடு இணைத்தால், பெயர் வேறு என்பதால் அதற்குப் பெறுமதி இல்லை. காசு கட்டும்போது அது அவர்களுடைய பில், புள்ளி போடும்போது வீட்டுக்காரருடைய பில். மின்சாரத்தைத் தீர்மானிப்பவர்களும் பாடசாலை அனுமதியைத் தீர்மானிப்பவர்களும் வேறு வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். இரண்டு தீர்மானங்களும் சந்திக்கும் இடம் அந்த ஒரே பில்தான்.

வரியும் அப்படித்தான் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவித்திட்டம் 2023 மார்ச்சில் ஒப்புதலானது. அதற்கான வருமான இலக்கை எட்டுவதற்காகப் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமாகியது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும்கூட அந்த வரிக்குள் இழுக்கப்பட்டன. ஜனவரி மாதம் கொப்பியும் சப்பாத்தும் வாங்கும் மாதம் என்பது திறைசேரியில் யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. 2023இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வில் 91 வீதமான குடும்பங்களின் செலவு கூடியிருந்தது, 60.5 வீதத்தினரின் வருமானம் குறைந்திருந்தது, 3 முதல் 21 வயது வரையான மாணவர்களில் 54.9 வீதத்தினரின் கல்வி பாதிக்கப்பட்டிருந்தது. 2021க்கும் 2022க்கும் இடையில் நகர்ப்புற வறுமை 5 வீதத்திலிருந்து 15 வீதமாக, மூன்று மடங்காகியது என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஏழ்மை என்றால் கிராமம், தோட்டம் என்றே திட்டம் தீட்டிப் பழகிய நாட்டுக்கு இந்தக் கடைசிக் கணக்கு ஒரு கடும் எச்சரிக்கை.

உதவியே வரவில்லை என்று சொன்னால் அநியாயம். சீனா 2023ஆம் ஆண்டுச் சீருடைத் துணித் தேவையில் 70 வீதத்தையும் 2025இல் முழுவதையும் நன்கொடையாகத் தந்தது. 2023இல் வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியது. அதைப் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025ஆம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொப்பி, பென்சில் வாங்கக் கிடைத்தது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த வீடுகளில் அது உண்மையான ஆறுதல். சேராத வீடுகள் எவை என்று தேடிப் போனால், பெரும்பாலும் முகவரி நிலையில்லாத அதே வாடகைக் குடும்பங்களிடம் வந்து நிற்போம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொட்டாஞ்சேனையிலிருந்து பேலியகொடைக்கும் பேலியகொடையிலிருந்து வத்தளைக்கும் மாறுகிறவரை எந்தக் கிராம உத்தியோகத்தர் தன் ஆள் என்று எழுதிக்கொள்வார்?

தரம் ஒன்றில் தவறிய வாசலைத் தரம் ஐந்தில் திறக்கலாம் என்று சொல்லிப் புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டுவார்கள். அதற்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே டியூஷன் வேண்டும். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி தீர்ப்பானது. பத்து வயதுப் பிள்ளைகளை மாதக்கணக்கில் இப்படித் தவிக்கவிட்ட ஒரு பரீட்சையை ஏழைகளின் ஏணி என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியில் 1945இல் கல்வி இலவசமாகியது. வகுப்பறைக்குள் அது இன்றும் பெரிய அளவில் உண்மை. கட்டணம் அறவிடப்படுவது வகுப்பறைக்குப் போகும் வழியில். வானில், டியூஷனில், ஒப்பந்தத்துக்கு முத்திரை குத்தும் நொத்தாரிஸிடம், கிட்டத்துப் பாடசாலைக்காகக் கொடுக்கும் மேலதிக வாடகையில். இந்தச் செலவுகள் எதுவும் கல்வி அமைச்சின் கணக்கில் வராது. அதனால்தான் அமைச்சர்கள் மாறினாலும் இதைக் குறைப்பது யாருடைய பொறுப்பும் ஆகவில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. உறுதி இல்லாத வாடகைக் குடும்பம் உண்மையில் அங்கே வசிக்கிறதா என்பதைச் சுற்றுநிருபம் வேறு வழிகளில் ஏற்றுக்கொள்ளலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் எந்தப் பிள்ளை எங்கே வளர்கிறது என்பது எந்தப் பில்லையும்விடத் துல்லியமாகத் தெரியும். களனி கங்கையின் வடகரையில் தமிழ் மொழிமூல ஆரம்பப் பிரிவுகளைக் கூட்டுவதை, சந்தையைக் கொண்டுவந்த அரசாங்கம் சந்தையோடு சேர்ந்த கடமையாக எடுக்கலாம். பாலம் கடக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு சிசு செரிய பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவதற்கு நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை.

அதுவரை காத்திருக்க முடியாத பெற்றோருக்கு ஒன்று. உங்கள் பிள்ளைக்கு இப்போது ஒரு வயதோ இரண்டு வயதோ என்றால், இந்த வருடமே கிராம உத்தியோகத்தரிடம் போய் நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் வாக்காளர் இடாப்பில் சேருங்கள். தோட்டத்திலோ ஊரிலோ உள்ள பதிவை அதோடு மாற்றிவிடுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால், இடாப்புப் பதிவால் அவருடைய உறுதிக்கு ஒரு குறையும் வராது என்பதைக் கிராம உத்தியோகத்தர் வாயாலேயே சொல்ல வையுங்கள். திருத்தப் பட்டியல் காட்சிக்கு வைக்கும்போது உங்கள் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் சரிபாருங்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகும் வயதில் அந்த ஐந்து வருடங்களில் எத்தனை வருடப் பதிவு கையில் இருக்கும் என்பது இன்று தொடங்குவதைப் பொறுத்தது.