பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒப்படைப்பு

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிமுறை மாறும்போதும், பிரசவ அறையிலிருந்தோ அறுவை அரங்கிலிருந்தோ குழந்தை கொண்டுவரப்படும்போதும், அதன் விவரங்களும் பொறுப்பும் ஒரு குழுவிடமிருந்து மற்றொரு குழுவுக்குக் கைமாறுவது நோயாளி ஒப்படைப்பு எனப்படும். எதை, எந்த வரிசையில் சொல்வது என முன்பே வகுத்து அனைவரும் அதையே பின்பற்றுவது தரப்படுத்தப்பட்ட ஒப்படைப்பு ஆகும்.

இப்பிரிவில் சிறு விடுபடலும் பெரும் தீங்காகலாம். மருந்தளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். 1 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சுவாசக் குழாய் உதட்டருகே ஏறத்தாழ 7 செ.மீ. குறியில் நிற்கும். அது 1 செ.மீ. உள்ளே நழுவினாலே ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்று போகக்கூடும். எனவே 'குழாய் போடப்பட்டுள்ளது' என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தக் குறியில் உள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின் போன்ற மருந்தைக் கடைசியாகக் கொடுத்த நேரம் விடுபட்டால், அடுத்த ஊசி முன்கூட்டியே போடப்பட்டுச் சிறுநீரகமும் செவித்திறனும் பாதிக்கப்படலாம். பெயரிடப்படாத குழந்தைகள் தாயின் பெயராலேயே குறிக்கப்படுவதால், இரட்டையரில் ஆள் மாறும் அபாயமும் உண்டு.

தரப்படுத்தலுக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை. இதய அறுவை முடிந்த குழந்தைகளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றுகையில், கருவிகளைப் பொருத்துவதும் விவரம் சொல்வதும் ஒரே நேரத்தில் நடந்துவந்தன. பார்முலா 1 கார் பந்தயத்தில் சில நொடிகளில் சக்கரம் மாற்றும் குழுக்களிடமிருந்து மருத்துவர்கள் பாடம் கற்றனர். முதலில் கருவிகள், பிறகு விவரம், கடைசியில் கலந்துரையாடல் என வரிசை வகுக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, ஓர் ஒப்படைப்பில் நேரும் தொழில்நுட்பப் பிழைகள் சராசரியாக 5.42இலிருந்து 3.15 ஆகவும், விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07 ஆகவும் குறைந்தன. நேரமும் கூடவில்லை. ஆனால் கவனிக்கப்பட்டவை 50 ஒப்படைப்புகளே.

ஐ-பாஸ் என்னும் முறை பெரிய அளவில் ஆராயப்பட்டது. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்கள், பெறுபவர் திருப்பிச் சொல்லுதல் என்பன அதன் ஐந்து கூறுகள். வட அமெரிக்காவின் 9 மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வு பொதுக் குழந்தைகள் பிரிவுகளில் நடந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கருக்கால வாரம், இன்றைய எடை, தொப்புள் வழிக் குழாயின் ஆழம், பாலூட்டும் அளவு ஆகியவற்றையும் சேர்த்தாக வேண்டும்.

எந்தப் படிவமானாலும் மேசையில் அமர்ந்து நிரப்பினால் பயன் குறைவு. தொட்டிலருகே நின்று, கைப்பட்டையையும் மருந்து செலுத்தும் பம்பின் அளவையும் இரு செவிலியரும் சேர்ந்து பார்த்த பிறகே பொறுப்பு கைமாறுவது நல்லது.