பழைய பிக்கப் வண்டிக்கு இழுவை கூட்ட வேண்டுமா?



விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக இப்போது பலபேர் சொந்தமாகவே ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறீர்கள். புதுவண்டி வாங்க முதல் பத்தாது. இரண்டு கை, மூன்று கை மாறிய டீசல் வண்டியாகத்தான் இருக்கும். வாங்கி ஒரு மாசம் ஆவதற்குள், "பாரத்தோட மேடு ஏற மாட்டேங்குது, இழுவை பத்தலை" என்று புகார் கிளம்பும். உடனே நாலுபேர் யோசனை சொல்வார்கள். பம்பைக் கூட்டி வை, இரண்டு பட்டை சேர்த்துப் போடு, பெரிய டயர் மாட்டு என்பார்கள். இதில் எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

பழைய வண்டி இழுக்கவில்லை என்றால், பிறக்கும்போது அதற்கு இருந்த பலம் எங்கேயோ ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். ஓட்டைக் குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காட்டுப் பாதையில், களத்து மேட்டில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. அதற்கு முன்னாலேயே அடைத்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக்கூடாது. உள்பக்கமிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம், அதுவும் ஓரிரு தடவைதான். அப்புறம் புதுசு போட்டுவிட வேண்டும். டர்போ உள்ள வண்டியானால் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். கிளிப் தளர்ந்தோ, குழாய் வெடித்தோ இருந்தால் மேட்டில் 'உஸ்' என்று சத்தம் வரும், கரும்புகை தள்ளும், இழுவை பாதியாகிவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கும். அதை வடிக்க ஒரு திருகு உண்டு. கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்கள் அதை அடிக்கடி திறந்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் மேட்டில் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட்டுவிடாதீர்கள்). ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மாட்டைப் பின்னால் ஒருத்தன் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒருத்தன் சாட்டையால் அடித்த கதைதான் அது!

இனி பம்பு விஷயம். பழைய மாடல் பம்பில் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுகிறார்கள். பிந்தி வந்த, கம்ப்யூட்டரில் ஓடுகிற வண்டிகளில் அந்தக் கணக்கையே மாற்றி எழுதித் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். முதல் வாரம் வண்டி பறக்கும், அது நிஜம். ஆனால் எரிவதற்குக் காற்று அவ்வளவேதானே இருக்கிறது? மிச்ச டீசல் கரும்புகையாகப் போகும். உள்ளே சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் அடிவாங்கும். அந்தக் காசில் நாசில்களைக் கழற்றி, பம்பு கடையில் தெளிப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சொட்டுகிற நாசிலை மாற்றினால் இழுவையும் வரும், டீசலும் மிச்சப்படும்.

பெரிய டயர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். சக்கரம் நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிசானால் இழுவை ஏறக்குறைய ஐந்து பங்கு குறையும். ஸ்பீடாமீட்டர் 40 காட்டும்போது வண்டி 42-ல் போகும். இழுவைக்கு ஆசைப்பட்டவர் செய்யக்கூடிய வேலையா இது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பின்னால் வில்பட்டை சேர்ப்பது. பாரம் ஏற்றினால் வண்டி பின்பக்கம் உட்காருகிறது, அதனால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். பட்டை கூடினதால் ஆக்சிலுக்கோ, டயருக்கோ, பிரேக்குக்கோ பலம் கூடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது ஒன்று உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி போய் சேசிஸில் உள்ள ஒரு சின்ன வால்வோடு சேரும். பாரம் ஏறி வண்டி உட்கார்ந்தால், அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியானால் பின்சக்கரம் இறுகி வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். நீங்கள் பட்டை சேர்த்ததும் என்ன ஆகிறது? முழுப் பாரத்திலும் வண்டி உட்காருவதில்லை. வால்வு அதைக் காலி வண்டி என்று நினைத்துக்கொள்கிறது! ஒரு டன்னுக்கு மேல் சுமை இருக்க, பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். முன் பிரேக் தனியாக எல்லாவற்றையும் தாங்கிக் காய்ந்துபோகும். சில இடங்களில் அந்தக் கம்பியையே தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது காலி வண்டி மழையில் பின்பக்கம் சுழன்று அடிக்கும். ஆகவே உடைந்த பட்டை, படுத்துப்போன பட்டை இருந்தால் மாற்றுங்கள், ஆனால் கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம். மாற்றிய பிறகு வால்வுக் கம்பியின் அளவையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பாரவண்டி ஓட்டினவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் அதேதான். முன்சக்கரம் தரையில் அழுந்தாது, ஸ்டீரிங் லேசாகிவிடும். கனமான மூட்டையைக் கேபினை ஒட்டி அடுக்குங்கள்.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாசியும் பலாவும் வாழையும் ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்க வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறுவதற்கான பலத்தைவிட நிற்பதற்கான பலம்தான் சோறு போடும். ஏற எந்த கியர் தேவையோ, அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் இக்கால எஞ்சின்களில் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி கட்டும், மிதித்த பெடல் பலகைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். பட்டைக்கும் டயருக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் இது வெற்றிலை பாக்குச் செலவு.

பக்கப் பலகையை உயர்த்தி இரும்புக் கூண்டு கட்டுவதும் இப்படித்தான். பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல் பக்கம் வேலை சுத்தமாகச் செய்வார்கள், சந்தேகமில்லை. ஆனால் 100 கிலோ இரும்பு ஏற்றினால் நடைக்கு 100 கிலோ விளைச்சல் குறைகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாகிவிடும். சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிகபாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 ரூபாய். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஏற்கெனவே கூண்டு கட்டிய வண்டியை வாங்கியிருக்கிறவர்கள், காலி வண்டியை ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் மொத்த எடை 2,900 கிலோ, காலி எடை 1,600 என்று போட்டிருக்க, மேடை 1,750 காட்டினால், நீங்கள் ஏற்றக்கூடியது 1,300 கிலோ இல்லை, 1,150தான். டிரைவரும் கூட வருகிற ஆளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.