பயணம் போனவர் கொண்டு வந்தது என்ன?

வெளிநாடு போய்த் திரும்புபவரின் பெட்டியைத்தானே நாம் முதலில் பார்க்கிறோம்? 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள், வெள்ளைக்காரரை எதிர்பாராமல், தாங்களே காசு சேர்த்து ஊழியரைக் கடல் கடந்து அனுப்பி வந்தார்கள். 'நம் ஊரார் ஏன் செய்யவில்லை?' என்ற கேள்வி அவர் நெஞ்சை உறுத்தியது. அதன் பலனாக 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் நம்மவருடையதே! பின்னர் அவரும் தெலுங்கு கற்றுத் தோர்ணக்கல் சென்று உழைத்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

கோயிலோ தேவாலயமோ தமிழ்ப்பள்ளியோ, யாராவது தருவார்கள் என்று நாம் காத்திருக்கலாமா? இனி ஊருக்குப் போய் வரும் உறவினரிடம், "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதோடு, "என்ன கற்று வந்தீர்கள்?" என்றும் கேளுங்கள்!