நாடுகளை அறியும் படிப்பு

மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி, வங்கித் தேர்வு ஆகியவையே நெடுங்காலமாக நம் இல்லங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பேச்சுக்கு எல்லைகளாக இருந்து வந்தன. அந்த எல்லை இன்று விரிந்திருக்கிறது. அண்மையில் ஒரு தந்தை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கையேட்டைப் புரட்டிக் காட்டி, "சாமி, வரலாற்றில் பட்டம் வாங்கிய என் மகள், சர்வதேச உறவுகளும் தேசியப் பாதுகாப்பும் என்ற இந்த எம்.ஏ. படிப்புத்தான் வேண்டும் என்கிறாள். இதைப் படித்து அவள் தூதர் ஆவாளா, துப்பறியப் போவாளா?" என்று கேட்டார்.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கத் துணிந்த தந்தையின் கவலை அதில் அடங்கியிருந்தது. இப்படிப்பு எங்கே பிறந்தது, எதைக் கற்பிக்கிறது, எதைத் தரும், எதைத் தராது என்பவற்றைப் பெற்றோர் அறிந்துகொள்வது நலம்.

கண்ணீரில் பிறந்த கல்வி

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் அபெரிஸ்ட்வித் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919-ஆம் ஆண்டு, சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி நிறுவப்பெற்றது. நிறுவியவர் டேவிட் டேவிஸ். நிலக்கரிச் சுரங்கங்களாலும் துறைமுகத்தாலும் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசு. முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் படைப்பிரிவு ஒன்றை நடத்திச் சென்றவர். அப்போரில் மாண்ட, காயமுற்ற அக்கல்லூரி மாணவர்களின் நினைவாக, அவரும் அவருடைய சகோதரியர் இருவரும் 20,000 பவுன் வழங்கினர். கல்லறை எழுப்புவதைவிட, நாடுகள் ஏன் மோதுகின்றன என்று ஆராயும் ஒரு கல்வியை எழுப்புவதே மாண்டோருக்குச் செய்யும் மரியாதை என்று அக்குடும்பம் கருதியது.

அக்கருத்து உயர்ந்தது, ஆனால் போர் ஓயவில்லை. 1936-ல் அப்பதவிக்கு வந்த ஈ. எச். கார் என்னும் அறிஞர், நல்லெண்ணம் மட்டும் இருந்தால் அமைதி வந்துவிடும் என்று நம்பியது பிழை என்றும், வல்லமை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாத நல்லெண்ணம் ஏமாந்துவிடும் என்றும் ஒரு நூலில் எடுத்துரைத்தார். அந்நூல் வெளிவந்த 1939-லேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. டேவிட் டேவிஸ் 1944-ல் காலமானார். அதே ஆண்டில் அவருடைய மூத்த மகன் போர்க்களத்தில் உயிர் துறந்தார்.

இப்படிப்பின் இரு குரல்களும் இவ்வரலாற்றில் அமைந்துள்ளன. அமைதியைத் தேடு என்பது ஒன்று. வல்லமையை அறிந்துகொள் என்பது மற்றொன்று.

ஒரு சேசு சபைக் குருவின் பள்ளி

அதே 1919-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், சேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பணிக்கான பள்ளி ஒன்று தோன்றியது. அதைத் தொடங்கி வளர்த்தவர் எட்மண்ட் வால்ஷ் அடிகளார். அமெரிக்க அரசின் வெளிநாட்டுப் பணித்துறை சட்டப்படி ஒழுங்கமைக்கப்பட்டதே 1924-ல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, அதற்கு ஆள் ஆயத்தம் செய்யும் பள்ளி இயங்கத் தொடங்கிவிட்டது.

வால்ஷ் அடிகளார் ஏட்டுக்கல்வியோடு நின்றவர் அல்லர். ரஷ்யாவில் கொடும் பஞ்சம் நிலவியபோது, 1922-ல் திருத்தந்தை அனுப்பிய நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கி அந்நாட்டுக்குச் சென்றார். சமயத்தை எதிர்த்த ஓர் அரசுடன் பேசிப் பேசி, பசித்தவர்களுக்கு உணவு கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. இராசதந்திரம் என்பது விருந்து மண்டபத்துப் பேச்சு மட்டுமன்று, பசித்தவன் வாய்க்கு உணவு போய்ச்சேர வழி திறப்பதும் அதுவே என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். அப்பள்ளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தேசியப் பாதுகாப்புக்கென ஒரு முதுகலைப் படிப்பும் அங்கே 1977-ல் தொடங்கப்பெற்றது.

கற்பிப்பது என்ன?

சர்வதேச உறவுகள் என்னும் பிரிவில் வரலாறு, சர்வதேசச் சட்டம், பொருளாதாரம், ஒப்பந்தங்கள் உருவாகும் முறை, ஏதேனும் ஒரு நிலப்பகுதியைப் பற்றிய ஆழ்ந்த படிப்பு, ஒரு வெளிநாட்டு மொழி ஆகியவை இடம்பெறும். தேசியப் பாதுகாப்புப் பிரிவில் போரின் காரணங்கள், அணு ஆயுதக் கட்டுப்பாடு, பயங்கரவாதம், உளவுச் செய்திகளைச் சீர்தூக்கும் முறை, கணினி வழித் தாக்குதல்கள், படைகளை மக்களாட்சி அரசு கட்டுப்படுத்தும் வழி ஆகியவை இடம்பெறும்.

இவற்றுள் ஒரு பாடத்தை நம் ஊர் வழக்கில் சொல்லலாம். ஒருவன் திருட்டுக்கு அஞ்சித் தன் வேலியை உயர்த்துகிறான். பக்கத்து வீட்டுக்காரன் அதைக் கண்டு, இவன் ஏதோ திட்டமிடுகிறான் என்று எண்ணித் தானும் உயர்த்துகிறான். பிறகு ஒருவன் நாய் வளர்க்க, மற்றவன் இரண்டு நாய் வளர்க்கிறான். இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் இருவர் உறக்கமும் கெட்டது. நாடுகளிடையே நிகழும் இதனைப் பாதுகாப்புச் சிக்கல் என்று இத்துறையினர் அழைக்கின்றனர். ஆயுதம் பெருகப் பெருக அச்சமும் பெருகுவது இதனாலேதான். இதை உணர்ந்தவன், அயல்நாட்டின் ஒவ்வொரு செயலையும் பகைமை என்று உடனே முடிவு கட்டமாட்டான்.

பதின்மூன்று நாள்கள்

இக்கல்வியின் பயனை எடை போட, வகுப்பறைகளில் இன்றளவும் ஆராயப்படும் ஒரு நிகழ்ச்சியே போதும். 1962 அக்டோபரில், கியூபா தீவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை அமெரிக்கா கண்டுபிடித்தது. அக்டோபர் 16 முதல் 28 வரை உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றது. கியூபாவின் மீது குண்டு வீசுவதே வழி என்று படைத்தலைவர்கள் வற்புறுத்தினர்.

கென்னடியின் ஆலோசனைக் குழுவில் லவெலின் தாம்சன் என்பவர் இருந்தார். 1957 முதல் 1962 வரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர். ரஷ்ய மொழி அறிந்தவர். குருஷேவுடன் நெருங்கிப் பழகியவர். குருஷேவ் பின்வாங்கமாட்டார் என்று கென்னடி ஐயுற்றபோது, தாம்சன் துணிந்து மறுத்தார். கியூபாவைத் தாம் காப்பாற்றிவிட்டதாகத் தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி விட்டால் குருஷேவ் இணங்குவார் என்று எடுத்துரைத்தார். கியூபாவின் மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா வாக்களித்தது. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை விலக்கிக்கொள்ளவும் மறைவாக இசைந்தது. ஏவுகணைகள் கியூபாவை விட்டு அகன்றன.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1992-ல் ஹவானாவில் நடந்த ஒரு கூட்டத்தில் புதிய உண்மை ஒன்று வெளிப்பட்டது. படையெடுப்பை எதிர்கொள்ளச் சிறிய அணு ஆயுதங்களும் அப்போதே கியூபாவில் இருந்தன என்பதே அது. அமெரிக்கர் இதை அன்று அறிந்திருக்கவில்லை. படையெடுப்பு நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போதே நெஞ்சம் நடுங்குகிறது. எதிராளியின் உள்ளத்தை அறிந்த ஒரு மனிதரின் சொல் அன்று எத்தனை உயிர்களுக்கு அரணாக நின்றது!

கிரஹாம் அலிசன் என்னும் பேராசிரியர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 1971-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஓர் அரசின் முடிவு ஒரே மனிதனின் முடிவு போல் தோன்றினாலும், அதனுள் அலுவலகங்களின் பழக்கங்களும் அதிகாரிகளின் இழுபறியும் கலந்திருக்கும் என்று அவர் விளக்கினார். ஒரு வீட்டில் திருமணம் நிச்சயிக்கப்படும் முறையைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். வெளியே சொல்லப்படுவது தந்தையின் முடிவு. உள்ளே பாட்டியின் பிடிவாதமும் மாமனின் யோசனையும் அதில் உண்டு. எதிரி நாட்டுக்குள்ளும் இத்தகைய பல குரல்கள் உண்டு என்று அறிவதே பேச்சுவார்த்தைக்குக் கதவு திறக்கும்.

அந்த அக்டோபர் 25-ஆம் நாள், திருத்தந்தை 23-ம் அருளப்பர் வானொலி வழியாக நாடுகளின் தலைவர்களை அமைதிக்காக வேண்டினார். அவரும் பல்கேரியா, துருக்கி, கிரீஸ், பிரான்சு நாடுகளில் திருப்பீடத்தின் பிரதிநிதியாகப் பல்லாண்டுகள் வாழ்ந்தவரே. அடுத்த ஆண்டு, 1963 ஏப்ரல் 11-ல், 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். ஆயுதங்களின் சமநிலையைவிட நாடுகளிடையே நிலவும் பரஸ்பர நம்பிக்கையே நிலையான அமைதிக்கு அடிப்படை என்று அது கற்பித்தது.

அறிவு வழி தவறினால்

இக்கல்விக்கு இருண்ட பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், நூரம்பர்க் நீதிமன்ற விசாரணைக்கு ஆலோசகராகச் சென்ற வால்ஷ் அடிகளார், கார்ல் ஹாஸ்ஹோபர் என்னும் முதியவரை விசாரிக்க நேர்ந்தது. அவர் படைத்தளபதியாகவும் மியூனிக் நகரில் புவியியல் பேராசிரியராகவும் இருந்தவர். நிலப்பரப்பையும் அரசியலையும் இணைத்து ஆராயும் துறையில் பேர்பெற்றவர். ஹிட்லரின் துணைவனான ருடால்ப் ஹெஸ் அவருடைய மாணவன். 1924-ல் ஹிட்லரும் ஹெஸும் சிறையிலிருந்தபோது அவர் அங்கே சென்று வந்தார். வாழ்வதற்கு இடம் வேண்டும் என்ற பெயரில் அயலான் நிலத்தை விழுங்க முனைந்தவர்களுக்கு, அவருடைய துறையின் சொற்கள் பயன்பட்டன.

அவருடைய மகன் ஆல்பிரெக்ட், ஹிட்லருக்கு எதிரான முயற்சியில் தொடர்பு கொண்டதற்காகச் சிறைப்பட்டு, 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாள்களே இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். முதியவரும் அவர் மனைவியும் 1946 மார்ச்சில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஒருவர் விதைத்த சொற்கள் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து விளைந்த கொடுமை இது. தாம்சனும் அயல்நாட்டை அறிந்தவர். ஹாஸ்ஹோபரும் அயல்நாடுகளை அறிந்தவர். ஒருவர் அறிவு உயிர் காத்தது. மற்றவர் அறிவு பேராசைக்கு வரைபடம் ஆயிற்று. பட்டச் சான்றிதழில் இந்த வேற்றுமை எழுதப்படுவதில்லை.

பெற்றோர் கேட்கவேண்டியவை

இனி, கடன் வாங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டியவை சில.

முதலாவது, அமெரிக்காவில் இப்படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பிரிட்டனில் பெரும்பாலும் ஓர் ஆண்டு. செலவைக் கணக்கிடும்போது இதை நினைவில் கொள்க.

இரண்டாவது, மிகவும் முக்கியமானது. எந்த நாடும் தன் பாதுகாப்புத் துறையின் மறைபொருள் பணிகளை அயல்நாட்டாரிடம் எளிதில் ஒப்படைப்பதில்லை. அவை பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை. அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்புப் பட்டம் பெற்றதனாலேயே அந்நாட்டு அரசில் வேலை கிடைத்துவிடும் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. இதைச் சொல்லாமல் மறைக்கும் தரகர்களை நம்பவேண்டாம்.

மூன்றாவது, இந்திய வெளிநாட்டுப் பணிக்குச் செல்ல இப்பட்டம் கட்டாயம் அன்று. மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வுக்கு ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதும். இப்படிப்பு அத்தேர்வுக்குத் துணையாகலாமே ஒழிய, குறுக்குவழி ஆகாது.

நான்காவது, உள்நாட்டிலேயே நல்ல வாய்ப்புகள் உள்ளன. தில்லியில் 1955-ல் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1970 முதல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திறன் ஆய்வுகளுக்கெனத் தனித்துறை உண்டு. நீலகிரியில் வெலிங்டன் கல்லூரியில் பயிலும் முப்படை அதிகாரிகளுக்கு இத்துறையில் முதுகலைப் பட்டம் வழங்குவதும் அப்பல்கலைக்கழகமே.

ஐந்தாவது, மொழி. ஐக்கிய நாடுகள் அவைக்கு ஆறு அதிகார மொழிகள் உண்டு. ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, அரபு, சீனம், ரஷ்யம், ஸ்பானியம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் செவ்வையாகக் கற்ற மாணவருக்குக் கதவுகள் அதிகம். பட்டம் மட்டும் பெற்று மொழி கற்காதவர், திறவுகோல் இன்றிப் பூட்டை வாங்கியவர் போல் ஆவார்.

நிவாரண அமைப்புகள், பத்திரிகைத் துறை, ஆய்வு நிலையங்கள், வெளிநாட்டு வாணிகம் செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இப்படிப்புக்கு இடமுண்டு. 1980-ல் அருட்தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய சேசு சபையின் அகதிகள் பணியும் இவ்வறிவு வேண்டப்படும் களமே.

சிற்றூரில் ஓர் ஆண்டு

திருப்பீடத்தின் தூதுவர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடம் உரோமையில் 1701 முதல் இயங்கி வருகிறது. 15-ம் ஆசீர்வாதப்பரும் 6-ம் சின்னப்பரும் அங்கே பயின்றவர்கள். அங்குப் பயில்வோர் அனைவரும் தம் சொந்த மறைமாவட்டத்துக்கு வெளியே, மறைபரப்புத் தளம் ஒன்றில் ஓர் ஆண்டு ஊழியம் செய்தல் வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ல் பணித்தார். 2025 ஏப்ரலில், இராசதந்திரக் கல்வியில் உயர் பட்டங்களை வழங்கும் உரிமையையும் அக்கூடத்துக்கு அளித்தார். பட்டத்துக்கு முன்னரே மக்களோடு வாழும் அனுபவத்தை அவர் வற்புறுத்தியது கருதத்தக்கது.

திருவள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டுமே அரசுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் தூதுவனின் பண்புகளை எண்ணத் தொடங்கும்போது, அன்புடைமையையே முதலில் வைத்தார்.

அந்தத் தந்தைக்கு நாம் சொன்னதும் இதுவே: "மகளைத் தடுக்கவேண்டாம். கடனை மட்டும் அளந்து வாங்குங்கள். போகுமுன் ஒரு மொழியைக் கற்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள். நம் தெருவில், நம்மோடு ஒத்துப்போகாத வீட்டாரின் நியாயத்தை அவர்கள் வாயாலேயே கேட்டு வந்து, கூட்டாமல் குறைக்காமல் உங்களிடம் சொல்ல அவளால் முடியுமா? முடியுமானால், அவள் அந்தப் படிப்புக்கு ஏற்றவள்."

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த வீட்டாரோடு நாங்கள் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, சாமி" என்றார். "அப்படியானால் முதல் பாடத்தை நீங்களே அவளுக்குத் தொடங்கி வைக்கலாம்" என்றோம்.