இல்லத்திலேயே ‘வைரல் லோடு’ பரிசோதனை

எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டவுடன் இன்றும் நம் இல்லங்களில் குரல் தாழ்ந்துவிடுகிறது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் இத்தொற்றைக் கண்டறிந்தபோது, அது மரணத் தீர்ப்பாகவே எண்ணப்பட்டது. இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் கூட்டு மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர் நெடுங்காலம் வாழ்கின்றனர். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகின்றனர்.

ஆனால் அம்மருந்து பயன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது? உடல் நலமாயிருப்பது மட்டும் சான்றாகாது. மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளே பெருகிப் பல மாதங்கள் சென்ற பின்னரே உடல் மெலியத் தொடங்கும். ஆகவே ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கிருமியின் அளவு எவ்வளவு என்று கணக்கிடும் ‘வைரல் லோடு’ பரிசோதனை தேவைப்படுகிறது. சிகிச்சை தொடங்கிய 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் இதைச் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அளவு 1000ஐத் தாண்டினால், மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா, மாற்று மருந்து வேண்டுமா என்று ஆராய்வர். கண்டறிய இயலாத அளவுக்குக் கிருமி குறைந்து அவ்வாறே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியே துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. இதை மணமானவர்கள் பலர் இன்னும் அறியார். அறிந்தால் எத்தனையோ குடும்பங்களில் அச்சம் நீங்கும்.

இந்தியாவில் 2018 முதல் அரசு இதனை இலவசமாகச் செய்து தருகிறது. இடர்ப்பாடு பணத்தில் இல்லை, பயணத்தில் உள்ளது. நரம்பில் எடுத்த இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை ஒரு நாளுக்குள் பிரித்து, குளிர்ச்சி கெடாமல் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பவேண்டும். முடிவுக்காகக் காத்திருக்கவேண்டும். கூலி வேலை செய்யும் தாய் ஒருநாள் கூலியை இழந்து, ‘அங்கே ஏன் நின்றாய்?’ என்று ஊரார் கேட்பார்களோ என்று அஞ்சியே வரிசையில் நிற்கிறாள்.

முடிவு விரைந்து கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சான்று உண்டு. அங்கு 390 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தகத்திலேயே ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தால் அன்றே முடிவு கூறினர். பயிற்சி பெற்ற செவிலியரே சிகிச்சையைக் கவனித்தனர். 2020இல் வெளியான அவ்வாய்வின்படி, ஓராண்டின் பின் சிகிச்சையில் நீடித்துக் கிருமியும் அடங்கியிருந்தோர் இப்பிரிவில் 89.7 விழுக்காடு, வழக்கமான முறையில் 75.9 விழுக்காடு.

மருந்தகம் வரை வந்த சோதனை வீட்டு வாசல் வரை வரலாகாதா? பாதி வழி ஏற்கெனவே திறந்துள்ளது. விரல் நுனியில் குத்தி, சில துளி இரத்தத்தை வடிதாள் அட்டையில் இட்டு உலர்த்தினால், அது குளிர்ப்பெட்டியின்றியே அஞ்சலில் செல்லும். இதிலும் ஒரு குறை உண்டு: வெள்ளணுக்களுள் உறங்கும் கிருமியின் மரபுப்பொருளும் கணக்கில் சேர்ந்து, அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். பிளாஸ்மாவைத் தானே பிரிக்கும் அட்டைகள் இதற்கென வந்துள்ளன.

மறுபாதிதான் கடினம். ஆய்வுக்கூடத்தில் கிருமியின் மரபுப்பொருளை மீண்டும் மீண்டும் சூடேற்றியும் குளிர்வித்தும் பெருக்கி அளக்கின்றனர். ஒரே வெப்பநிலையில் பெருக்கும் முறையால் கருவியைச் சிறிதாக்கலாம். ஆனால் ஓரிரு துளியில் சொற்பக் கிருமியே இருக்கும். அதனைத் தப்பவிடாது எண்ணவேண்டும். இம்முயற்சிகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. சில நாடுகளில் கடையில் கிடைக்கும் எச்.ஐ.வி. சுயபரிசோதனைப் பெட்டியை இதுவென எண்ணி ஏமாறக்கூடாது. அது எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும். சிகிச்சை பெறுபவருக்கு அதனால் பயனில்லை.

இன்னொன்றையும் கருவி செய்வோர் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் மைத்துனரும் உடன் வாழும் பெண்ணுக்கு அஞ்சலில் வரும் பெட்டியே பகையாகலாம். நோயாளியின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெட்டியின் மேலுறையைச் சட்டம் காவல் காக்காது. ஆகவே அடையாளம் ஏதுமற்ற உறையும், வீட்டில் வேண்டாம் என்பவர்க்கு முன்போல் மையத்திலேயே சோதித்துக்கொள்ளும் வாய்ப்பும் இத்திட்டத்தில் தொடக்கத்திலேயே இடம்பெறவேண்டும்.